பின்வரிசை இல்லாத ஆட்டம்

புதியவர்களுக்கு ஆட்டம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் முதல் வேலை, நமக்குப் பிடித்த ஆட்டங்களையெல்லாம் எடுத்து ஓரமாக வைப்பதுதான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சூளகிரியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பெண்கள் ஹாஸ்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், மேசைகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டு நின்ற முதல் சாயங்காலமே தெரிந்துபோனது.

நான் அப்போதுதான் ஒரு பிரஸ் கம்பெனியில் எச்.ஆர். டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கிற தொழிற்சாலை. என் ஊர் பேரிகை. தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரம். அதற்கு முன்னால் பெங்களூரில் ஒரு வேலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. எனக்கு உட்காரத்தான் வராது. விட்டுவிட்டு வந்தேன். அங்கே இருந்த காலத்தில் உருப்படியாகக் கற்றது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சிலர் கூடி ஆடிய கான்ட்ரா ஆட்டம் ஒன்றைத்தான்.

அமெரிக்க ஊர்ப்புறத்து ஆட்டம் அது. எதிரெதிரே இரண்டு நீண்ட வரிசைகள். எதிரில் நிற்பவர் ஜோடி. அருகில் நிற்பவர் பக்கத்தாள். இந்த ஜோடியும் பக்கத்து ஜோடியும் சேர்ந்து நாலு பேர். அந்த நாலு பேரும் கைகோத்துச் சுற்றி, விலகி, மறுபடி சேர்ந்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஓரிடம் நகர்ந்துவிடும். பாதி ஜோடிகள் மேல்முகமாக, பாதி ஜோடிகள் கீழ்முகமாக. நுனிக்குப் போய்விட்ட ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வரும். அடுத்த அசைவு என்ன என்று ஒருத்தர் முன்கூட்டியே குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். மனப்பாடம் வேண்டாம். அழகு வேண்டாம். நடக்கத் தெரிந்தால் போதும். என்னை மாதிரி ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சேஃப்டி வீக் விழாவுக்குப் பெண்கள் ஏதாவது ஆட வேண்டும் என்று எங்கள் மேனேஜர் சொன்னபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

"கும்மி, கோலாட்டம்லாம் போன வருசம் பாத்தாச்சும்மா. புதுசா ஏதாவது. டீம் ஒர்க் தெரியணும்."

"சார், என்கிட்ட ஒண்ணு இருக்கு சார்."

"செலவு?"

"ஒண்ணுமே இல்ல சார். கைதான் வேணும்."

அப்படித்தான் சொன்னேன்.

ஹாஸ்டலில் பேரைவிட ஊர்தான் பேர். ஊத்தங்கரை, பேரணாம்பட்டு, பாகலூர், அரூர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரே பேரில் நாலைந்து பேர் இருப்பதால் வந்த பழக்கம். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். என்னை மேடம் என்றார்கள்; அரை மணி நேரத்திலேயே அக்கா ஆகிவிட்டேன்.

பெங்களூரில் நான் கற்ற ஆட்டங்களில் ஜோடிக்குள் இரண்டு வேடங்கள் உண்டு. முன்காலத்தில் ஆண், பெண். இப்போது அதற்கு வேறு வேறு பேர்கள் வைத்திருக்கிறார்கள். இடுப்பைப் பிடித்துச் சுழன்று முடிக்கும்போது ஒரு வேடம் வலப்பக்கம் நிற்க வேண்டும், மற்றது இடப்பக்கம். முதல் சாயங்காலம் நான் பாதிப் பேரைப் பிரித்து, "நீங்கல்லாம் ஒரு வேஷம், அவங்க ஒரு வேஷம்" என்றதும் கூடம் கலகலத்தது.

"யார்க்கா ஆம்பள? நான்தான் ஆம்பள!" என்று பேரணாம்பட்டு தேங்காய்ப்பூத் துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டாள். குள்ளமான பெண். பிரஸ் ஆபரேட்டர். வாய் ஓயாது.

"மீசை எங்கடி?"

"மீசை வெச்சவன் செய்யற வேலையத்தான்டி நான் செய்யறேன். மீசை வேற இன்னாத்துக்கு?"

பாகலூர்க்காரி, ஹாஸ்டலில் சமைக்கிறவள், எங்கள் எல்லோரையும்விட மூத்தவள், வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவள், "அய்யோ, நன்கே பரல்லக்கா, எனக்கு இதெல்லாம் வராது, நான் சமையல்கட்டுல நின்னு பாக்கறன்" என்று நழுவப் பார்த்தாள். இழுத்து நிறுத்தினேன்.

வேடம் சரிப்படவில்லை. ஒரு நிமிடம் வேடம் பிரித்தால், அடுத்த நிமிடம் அது வேறொன்றாக மாறிவிடும். ஒருத்தி முன்னால் கை நீட்டுவாள். மற்றவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவள் தலையசைக்கும்வரை அசையாமல் நிற்பாள். நான் எத்தனை முறை சொன்னாலும் இதே கதைதான். குழப்பம் யார் வலது, யார் இடது என்பதில் இல்லை. அவர்கள் தாங்களாகவே ஆபரேட்டர், ஹெல்ப்பர் என்று பிரிந்துகொண்டார்கள். பிரஸ்ஸில் ஆபரேட்டர் தகட்டை வைத்துப் பொத்தானை அமுக்குவாள். ஹெல்ப்பர் பக்கவாட்டில் நின்று, அடித்து முடிந்த பாகத்தை எடுப்பாள். ஆபரேட்டர் தலையசைக்காமல் ஹெல்ப்பர் கை உள்ளே போகக் கூடாது. அதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஜோடி.

இன்னொன்றும் நடந்தது. கேன்டீனிலிருந்து வாங்கிவந்த ஒரு பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டிருந்தேன். ஜோடிகள் எதிரெதிரே நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தார்கள். பாட்டில் மேளம் 'தொம்' என்று இறங்கியது. அவ்வளவுதான், கூடத்திலிருந்த அத்தனை கைகளும் வெடுக்கென்று பின்னால் வந்து நெஞ்சருகே நின்றன. சொல்லிவைத்தாற்போல, ஒரே நேரத்தில். மறுபடி பிடிக்கச் சொன்னேன். மறுபடி 'தொம்'. மறுபடி கைகள் நெஞ்சுக்கு.

அவர்களே சிரித்தார்கள். "அக்கா, மேலேர்ந்து பிரஸ்ஸு ஸ்ட்ரோக் விழுதுக்கா, கை வெச்சா போயிரும்!"

சிரிக்காமல் நின்றவள் ஒருத்தி, ஊத்தங்கரை. வரிசையில் சேராமல் தண்ணீர்ப் பானையருகே நின்றிருந்தாள். வலக்கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். குளிரில் நிற்கிறவள் மாதிரி.

கைகள் பின்வாங்கியபோது நான் கவனித்த வேறொன்று, பேரணாம்பட்டின் கைகள். எல்லோருக்கும் இரண்டு கைகளும் பின்வாங்கின. அவளுக்கு வலக்கை மட்டும்தான் வந்தது. இடக்கை நீட்டியபடியே, எதையோ அமுக்கிப் பிடித்த மாதிரி நின்றது.

"ஏன் உனக்கு மட்டும் ஒத்தக் கை?" என்று கேட்டேன். ஆர்வக் கோளாறு.

அவள் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பாகலூர்க்காரிதான் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சொன்னாள். பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள், தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் இறங்கும். கைகள் வெளியே இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் டார்கெட் வராது. அதனால் ஒரு பொத்தான் அமுங்கியே இருக்கும்படி மரச்சக்கையைச் செருகிவிடுவார்கள். அப்புறம் வலக்கையால் தகடு வைத்துவிட்டு, இடக்கையை மற்ற பொத்தானிலேயே வைத்து அமுக்கிக்கொண்டே போகலாம். அந்த மெஷினில் எல்லா ஷிஃப்டிலும் சக்கை இருந்தது. எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் டார்கெட் வைத்தார்கள்.

"இவ ஆபரேட்டரு. ஊத்தங்கரை ஹெல்ப்பரு. ஹெல்ப்பருக்கு ஏதுக்கா பொத்தானு? இவ தலைய ஆட்டுனாளா, அவ ஆட்டுனதா நெனச்சிக்கினாளா, யாரு கண்டாங்க. கை உள்ள இருந்திச்சி."

"எப்ப?"

"மழை விட்டப்ப."

வலக்கையில் நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு போயிருந்தன. ஆனால் ஆபீசில் நான் கேள்விப்பட்டிருந்த கதை வேறு. ஹாஸ்டல் குளியலறையின் இரும்புக் கதவில் ஒரு பெண்ணின் கை நசுங்கிவிட்டது, பாவம், கதவுக்கு ரப்பர் போட வேண்டும். அந்த ரப்பருக்கான கோரிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஊத்தங்கரை கான்ட்ராக்ட் ஆள். கதவு என்றே சொல்லிக்கொண்டு விழாவரைக்கும் சும்மா இருந்தால் பர்மனென்ட் ஆக்கி, ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளும் கதவு என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். ஏன் போட்டாய் என்று நான் அவளிடம் நேராகவே கேட்டேன்.

"ஊருக்குப் போனா மாட்டுக் கொட்டாயிலதான் நிப்பன்க்கா," என்றாள். "மாமன் வீட்ல பேசி வெச்சிருந்தாங்க. இந்தக் கைய பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம காப்பி குடிச்சிட்டுப் போயிட்டாங்க. இங்கன்னா அடையாள அட்ட இருக்குது. கேட்ல காட்டுனா உள்ள உடறாங்க. அது போதும்."

"ஆட்டத்துல சேர்றியா?"

"சேரலாமா?"

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே ஆட்டங்களைக் கழிக்கத் தொடங்கினேன். வேடம் உள்ளதெல்லாம் போயிற்று. இடுப்பைப் பிடித்துச் சுழல்வது போயிற்று. ஒருத்தி ஒருத்தியை இழுத்துக்கொண்டு போகிற அசைவுகள் போயின; வழிநடத்துகிறவள், பின்தொடர்கிறவள் என்ற பேச்சே இருக்கக் கூடாது. யாரும் யார் தலையசைப்புக்கும் காத்து நிற்கக் கூடாது. பெங்களூரில் ஆண், பெண் என்ற பேச்சை நாகரிகத்துக்காக எடுத்திருந்தோம். இங்கே எனக்கு வேறு காரணம் கிடைத்திருந்தது.

மிஞ்சியவை இவைதான். நாலு பேர் கைகோத்து இடம் சுற்றுவது, வலம் சுற்றுவது. இரண்டு வரிசையும் முன்னால் வந்து பின்னால் போவது. முதுகோடு முதுகு உரசாமல் ஒருவரையொருவர் சுற்றி வருவது. நாலு கைகளும் நடுவில் சேரும் நட்சத்திரம். அதில் விரல் கோக்காமல், முன்னால் போகிறவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும் வகை ஒன்று உண்டு, அதை எடுத்துக்கொண்டேன். தப்பு செய்தால் அடுத்த அசைவிலேயே தானாகச் சரியாகிவிடுகிற ஆட்டம்தான் புதியவர்களுக்கு வேண்டும். தொலைந்துபோனவள் சும்மா நின்றால்கூட, மற்ற மூன்று பேரும் சுற்றி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி ஒன்றைக் கோத்தெடுத்தேன்.

கடைசியில் ஜோடிகள் இரண்டு கைகளையும் பிடித்து முன்னும் பின்னும் அசைகிற இடம் ஒன்று மிஞ்சியது. அதை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது ஊத்தங்கரை ஒத்துக்கொள்ளவில்லை.

"எதுக்கு எடுக்கறீங்க? எனக்கா?"

"இல்ல, எல்லாருக்கும் சுலபமா..."

"எல்லாருக்கும் சுலபமாத்தான்க்கா இருக்குது. இருக்கட்டும் உடுங்க."

அவளுக்கு ஜோடி யார் என்ற கேள்வி வந்தது. அரூர்க்காரி ஓரடி முன்னால் வந்தாள். ஊத்தங்கரை அவளைத் தாண்டி, சுவரோரம் நின்ற பேரணாம்பட்டைப் பார்த்தாள். விபத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே அறையில் தூங்கியும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"நீ வாடி."

பேரணாம்பட்டு அசையவில்லை. "வேற யாரையாச்சும் எடுத்துக்கோ. நான் வாணாம்."

"ஏன்?"

"எனக்கு ஆட வராது."

"நேத்து தலப்பா கட்டிக்கினு குதிச்ச. வாடி. இதுல ஆபரேட்டரும் கெடயாது, ஹெல்ப்பரும் கெடயாதாம். அக்கா சொல்லியிருக்காங்க."

வந்தாள். ஊத்தங்கரை துப்பட்டாவிலிருந்து வலக்கையை எடுத்து நீட்டினாள். பேரணாம்பட்டு இடக்கையால் அதைப் பிடித்தாள், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி.

"நசுக்காத," என்றாள் ஊத்தங்கரை. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

பெரிய ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாண்டலினும் வயலினும் மட்டும் ஓடுகிற ஒரு மெட்டைத் தேடிப் பிடித்து, என் செல்போனிலேயே போட்டேன். டம்ளருக்குள் போனை வைத்தால் கூடம் முழுக்கக் கேட்கும். 'தொம்' இல்லை. கைகள் பிடித்த இடத்தில் நின்றன. ஒரு வாரத்தில் நான் குரல் கொடுப்பது குறைந்தது. இன்னொரு வாரத்தில் தேவையே இல்லாமல் போனது. ஷிஃப்ட் முடிந்து கால் வீங்கி வந்தவர்கள்கூட, சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவிட்டு வந்து நின்றார்கள். பாகலூர்க்காரி குழம்புக் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டே ஆடினாள்.

விழாவுக்கு முந்தின நாள் மேனேஜர் பார்க்க வந்தார். கைகட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு ஊத்தங்கரையைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணையும் சேத்துருக்கியா?"

"நல்லா ஆடறா சார்."

"ஆடட்டும், வேணாங்கல. பின்வரிசைல போட்டுரு."

"இதுல பின்வரிசை இல்ல சார்."

"என்னம்மா வெளயாடறியா? எல்லா டான்ஸ்லயும் பின்வரிசை உண்டு."

நான் விளக்கினேன். நகர்ந்துகொண்டே இருக்கும் ஆட்டம் இது, எங்கே தொடங்கினாலும் எல்லோரும் ஒரு முறை முன்னால் வந்தே தீர்வார்கள் என்று. சொல்லும்போதே எனக்கு ஒரு சந்தோஷம், ஒளிக்க முடியவில்லை.

"அப்ப எல்லாருக்கும் கிளவுஸ் போட்டுரு. வெள்ளை கிளவுஸ். சேஃப்டி வீக் பாரு, பொருத்தமா இருக்கும். அந்தப் பொண்ணு கிளவுஸ்ல பஞ்ச அடைச்சிக் குடு."

அடைத்தது நான் இல்லை, பேரணாம்பட்டு. தலையணையைப் பிரித்து, இரண்டு விரல்களுக்கும் பஞ்சைத் திணித்து, ஊத்தங்கரையின் கையில் போட்டுப் பார்த்து, நீளம் சரியில்லை என்று கழற்றி, மறுபடி திணித்தாள். "நகம் வேணுமா? நெயில் பாலிஷ் உடவா?" என்று கேட்டாள்.

"செவப்பு," என்றாள் ஊத்தங்கரை.

விழா தொழிற்சாலை வளாகத்துக்குள், ஷாமியானா போட்டு. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் 'விபத்தில்லா நாட்கள்' என்று போட்டு, கீழே மூன்று இலக்க எண் ஒன்று மின்னியது. முந்தின நாளைவிட ஒன்று கூடியிருந்தது. மேடை சிறியது என்பதால் ஆட்டம் மேடைக்கு முன்னால் தரையில். வரிசையின் தலைப்பக்கம், விருந்தினர்கள் உட்கார்ந்திருந்த சோபாவுக்கு நேராக. வாடிக்கைக் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். பேச்சுகள் நீண்டன. எங்களுக்கு ஒத்திகை பார்க்க நேரமில்லை. ஒலிபெருக்கிக்காரரிடம் என் போனைக் கொடுத்தேன். அவர் ஒயரைச் செருகினார்.

மெட்டு தொடங்கியது. வெள்ளைக் கைகள் கோத்துக்கொண்டன. வட்டம் இடம் போனது, வலம் வந்தது. அழகாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஊத்தங்கரையும் பேரணாம்பட்டும் நடுவிலிருந்து தொடங்கி, சுற்றுக்கு ஓரிடமாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

தலைப்பக்கத்து நாலு பேருக்குள் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சுற்றில் ஜோடிகள் இரண்டு கைகளையும் பிடித்து முன்னே சாய்ந்தபோதுதான் மெட்டில் புதிய பகுதி தொடங்கியது. அந்தப் பகுதியில் ஒரு மேளம் இருந்திருக்கிறது. அடியில், ஆழத்தில். டம்ளருக்குள் வைத்த செல்போனில் அது ஒரு நாளும் கேட்டதில்லை. அத்தனை நாள் அதன்மேல்தான் ஆடியிருக்கிறோம். இங்கே ஆள் உயரப் பெட்டிகள் நாலு நின்றன.

தொம்.

எல்லாக் கைகளும் நெஞ்சுக்கு வந்தன. சொல்லிவைத்தாற்போல. ஊத்தங்கரையின் இரண்டு கைகளும் வந்தன. பேரணாம்பட்டின் வலக்கை வந்தது. இடக்கை வரவில்லை. அது பிடித்தது பிடித்தபடி நீட்டி நின்றது. அதற்குள் வெள்ளைக் கையுறை ஒன்று, பஞ்சு விரல்கள் இரண்டும் மடங்காமல் விறைத்துக்கொண்டு.

ஊத்தங்கரையின் கை வெறும் கையாக நெஞ்சருகே இருந்தது. சோபாவுக்கு நேராக.

மேளம் தொடர்ந்து விழுந்தது. யாரும் நகரவில்லை. பேரணாம்பட்டு கையுறையைப் பார்த்தாள். அதைக் கீழே போடவும் இல்லை, நீட்டவும் இல்லை. தன் குர்த்தாவின் கழுத்துக்குள் செருகிக்கொண்டாள். பிறகு எட்டி ஊத்தங்கரையின் மணிக்கட்டைப் பிடித்தாள். அடுத்த அசைவு நட்சத்திரம். நாலு பேரும் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றினார்கள். ஒவ்வொரு 'தொம்'முக்கும் அத்தனை உடம்புகளும் துள்ளின; ஆனால் கைகளை விடவில்லை. நான் குரல் கொடுக்கவே மறந்துபோய் நின்றேன். முடித்துவிட்டார்கள்.

கைதட்டல் பலமாக இருந்தது. டீ கொடுக்கும்போது நான் தட்டைப் பிடித்துக்கொண்டு சோபா பக்கம்தான் நின்றேன். அதிகாரி மேனேஜரிடம் சொன்னார்:

"அந்த ஸ்டெப் ரொம்பப் பிரமாதங்க. மேளம் விழுந்ததும் எல்லாரும் ஒரே சமயத்துல கைய எடுத்தாங்களே. அதுதாங்க சேஃப்டி மெசேஜ். யாரு யோசிச்சது?"

"நம்ம டிரெய்னிதான் சார்," என்று மேனேஜர் என்னைக் காட்டினார்.

"வெரி குட்மா." சமோசாவை எடுத்துக்கொண்டார். "அந்த முன்னால வந்த பொண்ணுக்குக் கைல என்ன?"

"ஹாஸ்டல் கதவு சார். பாத்ரூம் கதவு."

"அடடா. பாத்து இருந்திருக்கணும்." சட்னி கேட்டார்.

தட்டு என் கையில் இருந்தது. சட்னி எடுத்து வரப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை ஊத்தங்கரையின் அடையாள அட்டையைக் கேட்டில் வைத்தபோது பச்சை விளக்கு எரியவில்லை. கான்ட்ராக்டர் வந்து, கொஞ்ச நாள் வீட்டில் ரெஸ்ட் எடு, கூப்பிடுகிறோம் என்றார். நான் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"பர்மனென்ட்னு சொன்னீங்களே சார்."

"சும்மா இருந்தாத்தான்னு சொன்னேன். அத்தன பேர் முன்னாடி கைய காட்டிக்கினு நின்னா நான் என்ன பண்றது? நாளைக்கு அந்தக் கஸ்டமர் ஆளுங்க ஆடிட்டுக்கு வருவாங்க. கேள்வி வரும்."

"அவ காட்டல சார். கிளவுஸ்..."

"உனக்கு டிரெய்னிங் இன்னும் முடியலல்ல?"

முடியவில்லை. வெளியே வந்தேன்.

கதவு என்று சொன்னதை மாற்றிச் சொல்லலாம், அதற்கென்று அரசு அலுவலகம் இருக்கிறது, நானே கூட வருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் அவளிடம் சொன்னேன். அவள் என் படபடப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டது நான்தானக்கா. அதுவும் எடக்கையால. செல்லாதுன்னு சொல்லுவாங்களா?" பிறகு, "மாத்திச் சொன்னா அவளத்தான மொதல்ல கேப்பாங்க, பொத்தான அமுக்குனது யாருன்னு. அவளுக்குக் கீழ ரெண்டு தங்கச்சிங்கோ." பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லா இருந்துச்சிக்கா ஆட்டம். முன்னால வந்தம்ல."

கிருஷ்ணகிரி பஸ் வந்தது. இடக்கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள்.

கையுறைகளை, பேரணாம்பட்டு தந்ததையும் சேர்த்து, ஸ்டோரில் திருப்பி ஒப்படைத்தேன். ஸ்டோர்க்காரர் பஞ்சு அடைத்ததை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, பஞ்சை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டார். கையுறை திரும்ப அலமாரிக்குப் போயிற்று. விரல் நுனியில் பூசியிருந்த நகச் சிவப்பு மட்டும் போகவில்லை.

அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆட்டத்துக்கு நல்ல பேர் கிடைத்திருந்ததால், அடுத்த விழாவுக்கும் இதையே தயார் செய் என்றார்கள். மறுபடி சாப்பாட்டுக் கூடம். மறுபடி மேசைகள் சுவரோரம். ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தார்கள். இதற்கும் வழி உண்டு. ஜோடியே தேவையில்லாத வட்ட ஆட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன, புதியவர்களுக்கு அதுதான் இன்னும் சுலபம். நான் இரண்டு மூன்று தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"வாணாங்க்கா," என்றாள் பேரணாம்பட்டு. அன்று அவள் மெஷினில் புது ஹெல்ப்பர் சேர்ந்திருந்தாள்; அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த சின்னப் பெண். மரச்சக்கையை எடுத்துவிட்டார்களா என்று நான் கேட்டிருந்தேன். ஆடிட் முடியும்வரைக்கும் எடுத்திருந்தார்களாம். "பழசே ஆடலாம்."

"உனக்கு ஜோடி இல்லையேடி," என்றாள் பாகலூர்க்காரி. "அக்காவ நிக்கச் சொல்லு."

"யாரும் நிக்க வாணாம்."

எதிரில் ஓர் ஆள் இடத்தை விட்டு நின்றாள். போனை டம்ளரில் வைத்தேன். மெட்டு தொடங்கியது. வட்டம் சுற்றும்போது பக்கத்து ஜோடியில் ஒருத்தி, அந்தக் காலி இடத்தை ஒட்டி எங்கே கை கொடுப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். பிறகு ஆள் இருப்பதுபோலவே இடைவெளி விட்டு நடந்தாள். அடுத்த சுற்றில் அடுத்த ஜோடியும் அப்படியே செய்தது. யாரும் சொல்லித் தரவில்லை. காலி இடம் வரிசையில் ஓரிடம் ஓரிடமாக மேலே ஏறியது. வெறும் சுவர்தான் எதிரே. சோபா இல்லை, பேனர் இல்லை.

தலைப்பக்கம் வந்தபோது, இரண்டு கைகளையும் பிடிக்கிற அந்த அசைவு. போனில் மேளம் கேட்காது. ஆனால் எந்த இடத்தில் அது விழுகிறது என்று இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கைகள் எல்லாம் பின்வாங்கி நெஞ்சுக்கு வந்தன. பேரணாம்பட்டின் வலக்கையும் வந்தது. இடக்கை அங்கேயே, முன்னால் நீட்டியபடி, மூடி நின்றது. அடுத்த அசைவைச் சொல்ல வேண்டியவள் நான்.

சொன்னேன். அவள் கை திறக்க ஒரு சுற்று ஆயிற்று.